அலமாரியில் அறுபடும் அழைப்பு

பழைய லேண்ட்லைன் போனுக்கு வீட்டில் கரண்ட் தேவைப்பட்டதே இல்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அடுக்கியிருந்த பேட்டரிகள் 48 வோல்ட் மின்சாரத்தைச் செம்புக் கம்பி வழியாகவே அனுப்பின. ஊரே இருண்டாலும் போன் பேசியது.

இன்று எத்தனையோ கிளினிக்குகளும் ஆடிட்டர் அலுவலகங்களும் கிளவுட் தொலைபேசிக்கு மாறிவிட்டன. எக்ஸ்சேஞ்சின் வேலையை எங்கோ ஒரு டேட்டா சென்டர் பார்த்துக்கொள்கிறது. ஆனால் அந்தப் பேட்டரிப் பொறுப்பு, யாரும் எடுத்துச் சொல்லாமலேயே, அலுவலகத்தின் தலையில் வந்து இறங்கியிருக்கிறது. டேட்டா சென்டரில் ஜெனரேட்டர் இருந்து என்ன பயன்? நோயாளியின் அழைப்பு நம் சுவரில் மாட்டிய ஃபைபர் பெட்டி, ரவுட்டர், ஸ்விட்ச் மூன்றையும் கடந்துதான் மேசைக்கு வர வேண்டும். அவற்றில் ஒன்று அணைந்தாலும் போன் ஊமைதான்.

பல இடங்களில் கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ் இருக்கும். ஃபைபர் பெட்டியோ சாதாரண பிளக்கில் தொங்கும். முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான். மேசை போன்களுக்கு நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் தரும் ஸ்விட்ச்சை வாங்குவது நல்லது. 2003-இல் வந்த தரப்படியே அதன் ஒரு முனை 15.4 வாட் வரை தரும். மேசை போனுக்கு அது தாராளம். அந்த ஒரு ஸ்விட்ச்சை யூபிஎஸ்ஸில் சேர்த்தால் எல்லாப் போன்களும் உயிரோடிருக்கும். இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. அது பேட்டரிக்கு மாறும் கண நேரத்தில் ரவுட்டர் அணைந்து எழலாம். அதற்குள் பேச்சு அறுந்துவிடும்.

வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். யூபிஎஸ்ஸில் உள்ள ஈய-அமில பேட்டரியின் ஆயுளை 25 டிகிரி வெப்பத்தை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். அதற்கு மேல் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். சென்னையின் மே மாதத்தில், காற்றுப் புகாத அலமாரியில், அந்தப் பேட்டரி என்ன பாடுபடும்! வேலை இல்லாத ஒரு நாளில் போனில் பேசிக்கொண்டே மெயின் ஸ்விட்ச்சை அணைத்துப் பாருங்கள். பேட்டரியின் உண்மை நிலை அப்போதுதான் தெரியும்.

குரல் தெளிவில்லை என்றதும் பெரிய இணையத் திட்டத்துக்கு மாறுவது வீண் செலவு. ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் 100 கேபிபிஎஸ்கூடத் தேவையில்லை. சிசிடிவி பதிவும் பேக்கப்பும் முண்டியடிக்கும்போது குரல் வரிசையில் காத்திருப்பதுதான் கோளாறு. ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்தால் பெரும்பாலும் சரியாகும். ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்டால், ரவுட்டரில் 'எஸ்ஐபி ஏஎல்ஜி' என்ற வசதி இயங்குகிறதா என்று பார்த்து அணைக்கச் சொல்லுங்கள். உதவிக்கென வைத்த அந்த வசதியே பல நேரங்களில் அழைப்பைக் குழப்புகிறது.

இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கி, இரண்டு கேபிளும் ஒரே கம்பத்தில் வந்தால் அதற்குப் பெயர் மாற்று ஏற்பாடு அல்ல. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னையில் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்ததை மறக்க முடியுமா? இரண்டாவது வழி சிம் போட்ட ரவுட்டராக இருக்கட்டும். இணைப்பு மாறும்போது இணைய முகவரியும் மாறும். போன்கள் கிளவுட் சேவையில் மறுபடி பதிவு செய்துகொள்ளும்வரை வெளி அழைப்பு உள்ளே வராது. பதிவு இடைவெளியை ஒரு மணி நேரத்திலிருந்து சில நிமிடங்களாகக் குறைக்கச் சொல்லுங்கள்.

எல்லாமே செயலிழந்தால் அழைப்பு ஒரு செல்போனுக்குத் திரும்பும்படி கிளவுட் பக்கத்திலேயே அமைத்துவிடலாம். அந்தச் செல்போன் யார் கையில் இருக்கும், இரவில் யார் எடுப்பார் என்பதைப் புயல் எச்சரிக்கை வருவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.