மட்டாஞ்சேரியின் தொடர் வீடுகள்

கொச்சித் துறைமுகத்தின் நடுவே அமைந்துள்ள வில்லிங்டன் தீவின் பெரும்பகுதி இயற்கையாகத் தோன்றிய நிலமன்று. 1920-இல் கொச்சிக்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோவின் திட்டப்படி, கப்பல்கள் செல்லும் வழியை ஆழப்படுத்துகையில் தோண்டியெடுத்த மண்ணைக் கொட்டி உருவாக்கப்பட்ட நிலம் அது. தீவின் மேற்குக் கரையில் நின்று நோக்கினால், நீர்வழிக்கு அப்பால் ஓட்டுக் கூரைகள் நெருங்கிய மட்டாஞ்சேரி தென்படும். அங்குள்ள யூதர் தெருவின் வீடுகள், நம் நாட்டில் தொடர் வீடுகளின் அமைப்பையும் அவற்றிற்கு நேரும் கேட்டையும் அறிந்துகொள்வதற்கு நல்ல சான்றாகும்.

தெருவின் தோற்றம்

கொச்சி அரசர், தம் அரண்மனைக்கு அருகிலேயே யூதர்களுக்கு நிலம் வழங்கினார். பரதேசி யூதரின் தொழுகைக் கூடம் 1568-இல் அங்கே எழுப்பப்பட்டது. அதனை ஒரு கோடியில் கொண்டு, இருமருங்கிலும் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்க, தெரு வளர்ந்தது. மிளகு முதலிய நறுமணப் பொருள்களின் வாணிகமே அதன் உயிர்நாடியாக இருந்தது. ஆகையால் கீழ்த்தளம் கடைக்கும் கிடங்கிற்கும், மேல்தளம் குடியிருப்பிற்கும் பயன்பட்டன.

கேரளத்தின் நாலுகெட்டு வீடு தோட்டத்தின் நடுவே தனித்து நிற்பது. யூதர் தெருவின் வீடோ முன்முற்றமின்றித் தெருவின் விளிம்பிலேயே எழுவது. நம் அக்கிரகாரங்களில் அடுத்தடுத்த வீடுகள் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்வதைப் பார்த்தவர்களுக்கு இவ்வமைப்பு எளிதில் விளங்கும். சில வீடுகளின் சன்னல் கம்பிகளில் இன்றும் ஆறுமுனை விண்மீன் வடிவத்தைக் காணலாம்.

பொதுச்சுவரின் பயன்

இரு வீடுகளுக்கு இடையேயுள்ள பொதுச்சுவர் மூன்று வேலைகளைச் செய்கின்றது. முதலாவதாக, இரு பக்கத்து மாடிகளின் மரச் சட்டங்களையும் அதுவே தாங்குகின்றது. இரண்டாவதாக, வீட்டின் பக்கவாட்டில் வெயிலும் மழையும் படாமல் காக்கின்றது. முன்புறமும் பின்புறமும் கூரையும் மட்டுமே வெளியுலகை எதிர்கொள்கின்றன. மூன்றாவதாக, ஒவ்வொரு வீடும் தன் அண்டை வீட்டிற்கு முட்டுக்கொடுத்து நிற்க உதவுகின்றது. கூரையின் முகடு தெருவிற்கு இணையாகச் செல்வதால், மழைநீர் முன்னும் பின்னும் வடிந்துவிடுகின்றது. இரு வீடுகளுக்கு இடையே நீர் தேங்க இடமில்லை. சுருங்கக் கூறின், வரிசை முழுவதும் ஓர் உடல். வீடுகள் அதன் உறுப்புகள்.

கல்லும் சாந்தும்

மலையாளக் கரையின் பழைய சுவர்கள் பெரும்பாலும் வெட்டுக்கல்லால் ஆனவை. இரும்பு, அலுமினியம் ஆகியவற்றின் ஆக்சைடுகள் மிகுந்த இக்கல், நிலத்தடியில் இருக்கையில் கோடரியால் செதுக்கக்கூடிய அளவுக்கு மென்மையாக இருக்கும், காற்றுப்பட்டபின் கெட்டிப்படும். மலபாரிலுள்ள அங்காடிப்புறத்தில் இதனை ஆராய்ந்த பிரான்சிஸ் புக்கானன், செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து 'லாட்டரைட்' என்னும் பெயரை 1807-இல் இதற்கு வழங்கினார்.

இக்கல் நுண்துளைகள் நிறைந்தது. கொச்சியில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. காயலின் உவர்நீரும் அண்மையிலேயே உள்ளது. எனவே ஈரம் சுவரினுள் புகுவதை முற்றிலும் தடுக்க இயலாது. பழைய கொத்தர்கள் அதனைத் தடுக்க முயலவுமில்லை. அவர்கள் பூசிய சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை ஆவியாக வெளியே விட்டுவிடும். மழைக்காலத்தில் நனைந்த சுவர் வேனிலில் உலர்ந்துவிடும். அதனுடன் வெளிவரும் உப்பு சாந்தின் மேற்பரப்பில் பூத்து, நாளடைவில் சாந்தை உதிர்க்கும். உதிர்ந்த சாந்தைப் புதுப்பித்தால் கல்லுக்குத் தீங்கில்லை. சாந்து அழிந்து கல்லைக் காப்பதே இம்முறையின் நுட்பமாகும்.

சிதைவின் காரணங்கள்

1948-இல் இஸ்ரேல் நாடு தோன்றியபின் கொச்சி யூதர்கள் படிப்படியாக அங்கே குடியேறினர். இன்று இத்தெருவில் அவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவிலேயே உள்ளனர். துறைமுக வேலைகளும் மட்டாஞ்சேரிக் கரையை விட்டு வில்லிங்டன் தீவிற்குச் சென்றன. 2011-இல் வல்லார்பாடத்தில் சரக்குப் பெட்டக முனையம் திறக்கப்பட்டபின் தீவிலிருந்தும் பெட்டகங்கள் நகர்ந்தன. வீடுகள் பலவும் கலைப்பொருள் கடைகளாக மாறின. கடை மாலையில் அடைக்கப்படும். இரவு மழையில் ஓடு நழுவி நீர் சொட்டுவதைக் காண மேல்தளத்தில் எவரும் இருப்பதில்லை.

இதனினும் பெரிய தீங்கு, நல்லெண்ணத்தோடு செய்யப்படும் தவறான பழுதுபார்ப்பாகும். உதிர்ந்த சுண்ணாம்பிற்குப் பதிலாகச் சிமெண்டு பூசினால் சுவர் சில ஆண்டுகளுக்குப் பொலிவுடன் தோன்றும். ஆனால் உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றி மேல்நோக்கி ஏறும். உப்பு, பூச்சின் பின்புறத்தில் படிகமாகிக் கல்லையே பொடியாக்கும். பூச்சு பாளம்பாளமாக விழும்பொழுது அதனோடு கல்லின் முகமும் விழும். சுவருக்குள் பதிந்துள்ள மரச் சட்டங்களின் முனைகள் ஈரத்தால் உளுத்துப்போகும், கறையானும் சேர்ந்துகொள்ளும்.

தொடர் வீட்டில் இக்கேடு ஒரு வீட்டோடு நிற்பதில்லை. ஒருவர் தம் வீட்டில் சிமெண்டு பூசினால் ஈரம் அண்டை வீட்டின் பக்கம் வெளிப்படும். ஒருவர் ஓட்டுக் கூரையை நீக்கிக் காங்கிரீட்டுத் தளம் இட்டால், இரு கூரைகளும் கூடுமிடத்தில் நீர் இறங்கும். ஒரு வீடு இடிக்கப்பட்டால், அதுவரை மழையையே அறியாத பொதுச்சுவர் திடீரென்று பருவமழையை எதிர்கொள்ளும். முட்டும் இழந்து நிற்கும்.

பராமரிப்பின்றி விடப்பட்ட கட்டடம் என்னாகும் என்பதற்கு மட்டாஞ்சேரியிலேயே சான்று உண்டு. கடவும்பாகம் தொழுகைக் கூடத்தின் மர வேலைப்பாடுகள் முன்னரே எருசலேமிலுள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டுப் பாதுகாக்கப்பெற்றன. கொச்சியில் எஞ்சி நின்ற கட்டடத்தின் முன்பகுதியோ 2019-ஆம் ஆண்டு பெருமழையில் இடிந்து விழுந்தது.

செய்யத்தக்கவை

இத்தகைய வீடுகளை ஆய்வு செய்யும் களப்பணியாளர்கள், ஒரு வீட்டை மட்டும் பார்த்து முடிவு செய்தலாகாது; இருபுறத்து வீடுகளையும் சேர்த்தே பார்த்தல் வேண்டும். பருவமழைக்கு முன்னும் பின்னும் கூரையின் ஓடுகள், நீர்த்தாரைகள், சட்டங்களின் முனைகள் ஆகியவற்றைச் சோதித்தல் நலம். சட்டத்தின் முனையைக் கூரிய ஊசியால் குத்துங்கால் அது எளிதில் உட்சென்றால், மரம் உளுத்துள்ளதென அறியலாம். சிமெண்டுப் பூச்சை நீக்கிச் சுண்ணாம்புச் சாந்து பூசுமுன், சுவரைப் போதிய காலம் உலரவிடுதல் இன்றியமையாதது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே விளக்கலாம். ஒரே அளவான இரு செங்கற்களை நீரில் ஊறவைத்து, ஒன்றினை நெகிழித் தாளால் இறுகச் சுற்றி, மற்றதைத் திறந்தபடி வைத்து, நாள்தோறும் எடை காணச் செய்க. திறந்த கல் உலர்ந்து எடை குறைய, சுற்றப்பட்ட கல் ஈரத்தோடே இருக்கும். பின்னர் மாணவர்களைத் தம் ஊரின் பழைய தெரு ஒன்றிற்கு அழைத்துச் சென்று, எந்தச் சுவர் எத்தனை வீடுகளைத் தாங்குகின்றது என எண்ணச் செய்யலாம். அண்டை வீட்டுக் கூரையின் ஒழுக்கு தம் வீட்டுச் சுவருக்கும் கேடு என்பதை அவர்கள் தாமே கண்டுகொள்வர்.