ஒட்டுப் போட்ட இடமே ஓட்டையைக் காட்டும்

இணையதளம் கட்டப் பயன்படும் திறமூல மென்பொருளான ட்ரூபலின் ஏழாம் பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு நின்றுபோயின. 2011 ஜனவரி 5 அன்று வெளியான பதிப்பு இது. சரியாகப் பதினான்கு ஆண்டுகள் ஓடியது. வாசகர் கடிதங்களில் இரண்டு வகைக் குழப்பம் தெரிந்தது. அன்றைக்குத் தளமே மூடிக்கொள்ளும் என்று பதறியவர்கள் ஒரு பக்கம். திறமூல மென்பொருள்தானே, இதை யார் நிறுத்த முடியும் என்று அலட்சியமாக இருந்தவர்கள் இன்னொரு பக்கம். அலட்சியக்காரர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. முதலில் 2021 நவம்பர் என்றார்கள். கொரோனாவைக் காரணம் காட்டி 2022 நவம்பருக்குத் தள்ளினார்கள். பிறகு 2023 நவம்பர், கடைசியாக 2025 ஜனவரி. ‘புலி வருது’ என்று மூன்று முறை கூவியவர்கள், நான்காம் முறை யாரும் திரும்பிப் பார்க்கவில்லையே என்று வருத்தப்படுவதில் நியாயமில்லை. ட்ரூபல் அமைப்பின் சொந்தக் கணக்கிலேயே இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் அப்போதும் ஏழில்தான் இருந்தன. அதிலும், புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று தலைமைத் தளத்தை அவ்வப்போது விசாரிக்கும் தளங்கள் மட்டுமே இந்தக் கணக்கில் சேரும். விசாரிப்பதையே நிறுத்திவிட்ட தளங்கள் எத்தனையோ, அவற்றைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும்.

‘ஆயுள் முடிகிறது’ என்ற அறிவிப்பைப் படிப்பவர்கள், நிரல் ஏதோ பழசாகி உளுத்துப்போகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். நிரல் உளுப்பதில்லை. ஜனவரி 4-ஆம் தேதி இருந்த அதே நிரல்தான் ஜனவரி 6-ஆம் தேதியும் இருந்தது. ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது, அதைப் புரிந்துகொள்ள 2014 அக்டோபர் 15-ஆம் தேதிக்குப் போக வேண்டும். அன்று இந்திய நேரப்படி இரவு ஒன்பதரை மணிக்கு ட்ரூபல் 7-க்கு ஒரு பாதுகாப்புத் திருத்தம் வெளியானது. ஒரு ஜெர்மானிய நிறுவனம் நிரலைத் தணிக்கை செய்தபோது கண்டுபிடித்த ஓட்டை அது. திருத்தம் ஒரே ஒரு வரி. டேட்டாபேஸுக்குப் போகும் கேள்வியில் ஒரு பட்டியலைச் சேர்க்கும்போது, பட்டியலிலுள்ள ஒவ்வொன்றின் வரிசை எண்ணையும் கேள்வியின் வாசகத்துக்குள் நிரல் ஒட்டிக்கொண்டிருந்தது. வரிசை எண் என்றால் 0, 1, 2 என்றுதான் வரும் என்பது எழுதியவர்களின் நம்பிக்கை. ஆனால் வெளியிலிருந்து வருகிறவர், உள்நுழையும் படிவத்தில் பயனர் பெயருக்குப் பதில் ஒரு பட்டியலை அனுப்பி, எண் இருக்க வேண்டிய இடத்தில் டேட்டாபேஸுக்கான கட்டளையையே எழுதி அனுப்பலாம். கணக்கு வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். வந்த எண்களைத் தூக்கி எறிந்துவிட்டு நாமே புதிதாக எண்ணிக்கொள்வோம் என்பதுதான் அந்த ஒரு வரித் திருத்தம். இந்தத் தாக்குதலைத் தடுப்பதற்கென்றே எழுதப்பட்ட பகுதியில்தான் இந்த ஓட்டை இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

திறமூல மென்பொருளில் பழைய நிரலும் புதிய நிரலும் எல்லோர் கண்முன்னும் கிடக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எந்த வரி மாறியிருக்கிறது என்று பார்க்கும் கருவி ஒவ்வொரு புரோகிராமர் கையிலும் உண்டு. மாறிய வரிதான் ஓட்டை இருந்த இடம். திருத்தத்தை வெளியிடுவதும் திருடனுக்கு விலாசம் கொடுப்பதும் ஒரே செயல். ஒன்றைச் செய்யாமல் மற்றொன்றைச் செய்ய வழியில்லை. அன்று அந்த விலாசத்தைப் படித்தவர்கள் சில மணி நேரத்தில் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து, அக்டோபர் 29 அன்று, ட்ரூபல் பாதுகாப்புக் குழு சொன்னது இதுதான்: அறிவிப்பு வந்த ஏழு மணி நேரத்துக்குள் திருத்தத்தைப் போடாத ட்ரூபல் 7 தளம் ஒவ்வொன்றும் கைப்பற்றப்பட்டுவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். இந்திய நேரப்படி அது மறுநாள் அதிகாலை நாலரை மணி. அதே அறிவிப்பில் இன்னொரு எச்சரிக்கையும் இருந்தது: நீங்கள் திருத்தத்தைப் போடாமலேயே உங்கள் தளத்தில் அது போடப்பட்டிருந்தால், அது நல்ல சகுனம் அல்ல. உள்ளே வந்தவர், வேறு யாரும் வந்துவிடக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டிருக்கலாம்.

குழு இதிலிருந்து பாடம் படித்தது என்பதை மறுக்க முடியாது. 2018-இல் மறுபடியும் மிக மோசமான ஒன்று கிடைத்தபோது, மார்ச் 28 அன்று இந்திய நேரப்படி இரவு பதினொன்றரைக்கும் ஒரு மணிக்கும் இடையில் திருத்தம் வரும், விழித்திருங்கள் என்று ஒரு வாரம் முன்பே சொன்னார்கள். எந்த இடத்தில் ஓட்டை என்று மட்டும் சொல்லவில்லை. ஆனாலும் இரண்டு வாரத்தில் தாக்கும் முறை பகிரங்கமாகி, கிரிப்டோ நாணயம் தோண்டும் கும்பல்கள் தளங்களில் குடியேறின. இந்தச் சம்பவத்தில் நமக்கு வேண்டிய தகவல் வேறு: அந்த ஒரே ஓட்டை ட்ரூபல் 6, 7, 8 என மூன்று தலைமுறையிலும் இருந்தது. எட்டாவது பதிப்பைச் சிம்ஃபொனி என்ற அடித்தளத்தின் மேல் புதிதாகக் கட்டினார்கள் என்றாலும், பழைய வீட்டின் சில சுவர்கள் அப்படியே கூட வந்திருந்தன.

இப்போது ஜனவரி 5-ஐப் பாருங்கள். அதுவரை ஓர் ஓட்டை பல பதிப்புகளில் இருந்தால், பராமரிப்பில் இருந்த எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் திருத்தம் வந்தது. அதன் பிறகு புதிய பதிப்புகளுக்கு மட்டுமே வரும். பொதுவான ஓட்டையாக இருந்தால், அந்தத் திருத்தம் ஏழாம் பதிப்பின் ஓட்டையையும் சேர்த்து ஊருக்குக் காட்டும். அடைக்க மட்டும் ஆள் இருக்காது. ஏழாம் பதிப்பைத் தாக்க விரும்புகிறவர் அதன் நிரலைப் படிக்கக்கூடத் தேவையில்லை. புதிய பதிப்பை நல்லவர்கள் எவ்வளவு அக்கறையாகப் பராமரிக்கிறார்களோ, பழைய பதிப்பில் தங்கிவிட்டவர்களுக்கு அவ்வளவு கெடுதல்.

இதை மிகைப்படுத்தல் என்று சொல்வோர் உண்டு. முன்பின் தெரியாத ஒருவர் ஒரே அடியில் தளத்தைக் கைப்பற்றும் அளவுக்கான ஓட்டைகளைப் பதினான்கு ஆண்டுகளில் விரல்விட்டு எண்ணலாம், பெரும்பாலானவற்றுக்குத் தளத்தில் ஏதாவது ஒரு கணக்காவது வேண்டும் என்பார்கள். உண்மைதான். ஆனால் ட்ரூபல் பிறந்ததே மாணவர் விடுதி ஒன்றில் செய்தி பரிமாறிக்கொள்வதற்காக. அதன் பலமே உறுப்பினர் சேர்ந்து எழுதும் சமூகத் தளங்கள். யார் வேண்டுமானாலும் உறுப்பினராகலாம் என்று திறந்து வைத்திருக்கும் தளத்தில், கணக்கு இருப்பவர்தான் தாக்க முடியும் என்பது என்ன பாதுகாப்பு? போகிற பொருளும் அங்கேதான் அதிகம்: உறுப்பினர்களின் மின்னஞ்சல், தனிச்செய்தி, வேறு இடங்களிலும் அவர்கள் பயன்படுத்தும் கடவுச்சொல். எங்கள் தளம் சின்னது, யார் சீந்துவார்கள் என்ற வாதமும் எடுபடாது. 2014-இல் யாரும் பெயர் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை. எந்திரம் வரிசையாகத் தட்டிக்கொண்டே போனது.

அப்படியானால் மூடிய மென்பொருள் மேல் என்று முடிவு கட்டவும் முடியாது. மைக்ரோசாஃப்ட் செவ்வாய்க்கிழமை திருத்தம் வெளியிட்டால், புதன்கிழமை அதைப் பிரித்துப் பார்க்கிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். வேலை கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். ட்ரூபலைப் போன்ற இன்னொரு திறமூல மென்பொருளான வேர்ட்பிரஸ் 2013 முதல் சிறு திருத்தங்களைத் தானே போட்டுக்கொள்கிறது, ட்ரூபல் 7 அதைக் கற்கவேயில்லை என்பது நல்ல குற்றச்சாட்டு. ஆனால் தானியங்கி வழியின் சாவி யாரிடம் என்ற கேள்வியை 2024 அக்டோபரில் பார்த்தோம்: வழக்கில் மோதிக்கொண்டிருந்த ஒரு நிறுவனத்தின் செருகுநிரலை வேர்ட்பிரஸ் தலைமைத் தளம் தன் வசம் எடுத்து வேறு பெயரில் விநியோகித்தது.

அதிகாரபூர்வமான ஆறுதல் ஒன்று சொல்லப்படுகிறது: ட்ரூபல் சங்கம் அங்கீகரித்த நிறுவனங்கள் கட்டணத்துக்கு ஏழாம் பதிப்பைத் தொடர்ந்து பராமரிக்கும். பணம் கட்ட முடிகிறவர்கள் புதிய பதிப்புக்கு மாறவும் முடியும். சந்தா இல்லாமல் இலக்கிய வட்டமோ ஊர்ச் சங்கமோ நடத்துகிறவருக்கு இதில் எதுவும் இல்லை.

மற்றவை சுருக்கமாக. ஜனவரி 5 அன்று தளம் நின்றுவிட்டதா? இல்லை. மறுபடி தேதி தள்ளிப்போனதா? இல்லை, இதுவே கடைசி என்று 2023 ஜூனிலேயே சொல்லிவிட்டார்கள்.  ஏழிலிருந்து புதிய பதிப்புக்கு நேராக ஏற்ற முடியுமா? முடியாது, புதிய தளம் கட்டி உள்ளடக்கத்தைக் குடிபெயர்க்க வேண்டும், பழைய மாட்யூல்கள் ஓடா. செலவு குறைந்த மாற்று? ஏழிலிருந்து பிரிந்து 2015-இல் முதல் பதிப்பு கண்ட பேக்ட்ராப். ஏற்றும் வழி அதில் உண்டு. புதிதாக யாரும் எழுதாத பழைய தளம்? பக்கங்களை வெறும் எச்டிஎம்எல் கோப்புகளாகச் சேமித்து, பிஎச்பியையும் டேட்டாபேஸையும் சர்வரிலிருந்து நீக்கிவிடுங்கள்.