டிவிக்கு எதற்கு வைஃபை?

புது டிவி வந்த அன்று வீட்டில் எல்லோருக்கும் அவசரம். மாட்ட வந்தவர் சுவரில் டிரில் போட்டு, ஸ்டாண்டைப் பொருத்தி, செட்டாப் பாக்ஸ் வயரைச் செருகிவிட்டு ரிமோட்டைக் கையில் எடுக்கிறார். "வைஃபை பாஸ்வேர்டு சொல்லுங்க சார்." சொல்கிறோம். திரையில் பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் நிபந்தனைகள் வருகின்றன. அவருக்கு அடுத்த வீட்டு வேலை காத்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் 'சம்மதம்' என்று அழுத்திவிட்டு ரிமோட்டை நம்மிடம் நீட்டுகிறார். பத்து வருடம் அந்த டிவியோடு இருக்கப்போகிற குடும்பத்தில் ஒருவர்கூட அதில் ஒரு வரி படித்திருக்க மாட்டார்.

அந்தச் சம்மதங்களில் ஒன்று, திரையில் ஓடுவதை டிவியே கவனித்துக் கம்பெனிக்குத் தெரிவிப்பதற்கானது. ஏ.சி.ஆர். என்று இதற்குப் பெயர். திரையில் தெரியும் காட்சியை டிவி இடைவிடாமல் பதிந்து, அதிலிருந்து கைரேகை மாதிரி ஒரு சின்ன அடையாளக் குறியை உண்டாக்கி இணையத்தில் அனுப்புகிறது. அந்தப் பக்கம் ஏற்கெனவே சேர்த்துவைத்திருக்கும் குறிகளோடு ஒப்பிட்டால் போதும். இந்த வீட்டில், இந்த நேரத்தில், இந்த சீரியல், இந்த விளம்பரம் ஓடியது என்று தெரிந்துவிடும். கேபிளில் வந்ததா, டிடிஎச்சில் வந்ததா என்பதெல்லாம் பொருட்டில்லை. எந்த வழியில் வந்தாலும் கடைசியில் திரைக்கு வந்துதானே ஆக வேண்டும்?

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம் முதலிய இடங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் சாம்சங், எல்ஜி டிவிகளை பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வைத்துச் சோதித்து 2024-இல் ஆய்வை வெளியிட்டார்கள். எல்ஜி டிவி 15 விநாடிக்கு ஒரு முறையும், சாம்சங் டிவி நிமிடத்துக்கு ஒரு முறையும் குறிகளை அனுப்பின. லேப்டாப்பை எச்டிஎம்ஐ வயரில் இணைத்து, டிவியை வெறும் மானிட்டராகப் பயன்படுத்தியபோதும் அனுப்புவது நிற்கவில்லை. செட்டிங்கில் போய் அணைத்ததும் நின்றுவிட்டது. எனக்கு இந்த ஆய்வில் மிக முக்கியமாகப்படுவது இந்தக் கடைசிச் செய்திதான்.

இதனால் கம்பெனிக்கு என்ன லாபம்? அமெரிக்காவின் விசியோ கம்பெனி கதையைப் பார்த்தால் புரியும். 1 கோடியே 10 லட்சம் டிவிகளில் மக்கள் என்ன பார்க்கிறார்கள் என்பதை, அவர்களிடம் சரியாகச் சொல்லாமலே சேகரித்ததாக அந்நாட்டு வர்த்தக ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2017 பிப்ரவரியில் 22 லட்சம் டாலர் கட்டி விசியோ சமரசம் செய்துகொண்டது. பார்த்த நிகழ்ச்சிகளோடு அந்த வீட்டாரின் வயது, வருமானம், படிப்பு, திருமண நிலை போன்ற விவரங்களையும் சேர்த்து வெளியாருக்கு விற்க வழிசெய்யப்பட்டது என்பது குற்றச்சாட்டு. டிவியை விற்ற பிறகும் அதிலிருந்து வருமானம் வருவதால், டிவியின் விலையில் பெரிய லாபம் வைக்க வேண்டிய தேவையில்லை என்று 2019-இல் அந்தக் கம்பெனியின் அதிகாரியே பேட்டியில் விளக்கினார். பின்னர் வால்மார்ட் 230 கோடி டாலருக்கு அந்தக் கம்பெனியை வாங்கியது. கடையில் நாம் பார்த்து மகிழும் தள்ளுபடி விலைக்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு.

"நான் பார்க்கிற சீரியலைத் தெரிந்துகொண்டு யார் என்ன செய்யப்போகிறார்கள்?" என்று கேட்பவர்கள் அதிகம். நியாயமான கேள்வி. ஆனால் நம் ஊரை நினைத்துப்பாருங்கள். கட்சிக்கு ஒரு செய்திச் சேனல் இருக்கிற மாநிலம் இது. ஒரு வீட்டில் இரவு எட்டு மணிக்கு எந்தச் சேனலில் செய்தி ஓடுகிறது என்பதை வைத்தே ஓட்டு எங்கே போகும் என்று தெருவே சொல்லிவிடும். காலையில் ஓடும் பக்திச் சேனல் மதத்தைச் சொல்லும். பகல் முழுக்க டிவி ஓடுகிறதென்றால் வீட்டில் யாரோ வயதானவர் தனியாக இருக்கிறார். பத்து நாள் ஓடவேயில்லையென்றால் வீடு பூட்டிக்கிடக்கிறது. இதெல்லாம் தெருவில் நாலு பேருக்குத் தெரிவது ஒன்று. முகம் தெரியாதவர்கள் வருடக்கணக்கில் சேர்த்துவைத்து விலை பேசுவது வேறு. டிஆர்பி கணக்குக்காக மீட்டர் வைக்கிறார்களே, அந்த வீட்டாரிடம் கேட்டு, அவர்களுக்குத் தெரிந்துதான் வைக்கிறார்கள். டிவி வாங்கிய எல்லோர் வீட்டிலும் கேட்காமலே மீட்டர் வைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

பெரிய கம்பெனிகளின் பிடியிலிருந்து விலக வேண்டும் என்றால் உடனே எல்லோரும் போனைப் பற்றிப் பேசுகிறார்கள். யுபிஐ, வங்கி, பள்ளிக்கூடத்தின் வாட்ஸ்அப் குழு என்று எல்லாமே அதில்தான். ஒரே நாளில் விடமுடியாது, விடச் சொல்வதும் சரியில்லை. டிவி அப்படியில்லை. கேபிளும் டிடிஎச்சும் மட்டும் பார்க்கிற வீட்டில் டிவிக்கு இணையமே வேண்டாம். நெட்வொர்க் செட்டிங்கில் வீட்டு வைஃபையின் பெயரை எடுத்துவிட்டால் அது அனுப்புவதற்கு வழியே கிடையாது. படம் ஒரு துளி குறையாமல் தெரியும்.

ஓடிடி பார்க்கிறவர்கள் பிரைவசி செட்டிங்கைத் தேட வேண்டும். சாம்சங்கில் அது 'வியூவிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்', எல்ஜியில் 'லைவ் பிளஸ்'. சில சோனி டிவிகளில் 'சாம்பா' என்று இருக்கும். மாடலுக்கு மாடல் இடம் மாறும். பெயரைப் பார்த்தால் இது என்ன செய்கிறது என்றே விளங்காது. அணையுங்கள். விளம்பரத்துக்கான தேர்வுகளையும் கூடவே அணையுங்கள். சாஃப்ட்வேர் அப்டேட் ஆனபின் ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொள்வது நல்லது. ஓடிடி ஆப்பில் பார்ப்பது அந்த ஆப்காரருக்குத் தெரியத்தான் செய்யும். டிவி கம்பெனிக்கும் ஏன் தெரிய வேண்டும்? இன்னும் ஒரு படி போக விரும்புகிறவர்கள் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு எச்டிஎம்ஐ வழியாக இணைத்து, டிவியை இணையமில்லாத திரையாகவே வைத்துக்கொள்ளலாம். லினக்ஸைத் தமிழிலேயே கற்க 2012-இலிருந்து 'கணியம்' என்ற இணைய இதழ் இருக்கிறது.

சட்டமும் நம் பக்கம் வந்துகொண்டிருக்கிறது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் விதிகள் வெளியாயின. கம்பெனிகள் முக்கியக் கடமைகளுக்குத் தயாராக 18 மாத அவகாசம் தரப்பட்டது. சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலோ படிக்க வழிசெய்ய வேண்டும் என்கிறது சட்டம். தமிழும் அதில் உண்டு. சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அதே அளவு சுலபமாக இருக்க வேண்டும். இன்றைக்குக் கொடுப்பது ஒரே அழுத்தலில் முடிகிறது, திரும்பப் பெறுவதற்கு மெனுவுக்குள் மெனுவாகத் தேட வேண்டியிருக்கிறது. அவகாசம் முடிந்த பிறகும் இதே நிலை என்றால், முதலில் கம்பெனியிடமே குறையை எழுதிக் கொடுக்க வேண்டும். அங்கே தீராவிட்டால் அடுத்து தரவுப் பாதுகாப்பு வாரியம்.