இடம் மாறிய கொம்பு

சிங்கப்பூரில் ஆறு மாத வடிவமைப்புப் பயிற்சியை முடித்துக்கொண்டு கடந்த மாதம் கிள்ளான் திரும்பினேன். என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்பவர்களிடம் இரண்டு மூன்று மென்பொருள்களின் பெயரைச் சொல்லிவிடுகிறேன். உண்மையில் நான் அங்குக் கற்றது ஒற்றைக்கொம்பைப் பற்றி. அதை நம் பேரவை நண்பர்களுக்கு விளக்கவே இக்கட்டுரை.

சிங்கப்பூரில் தமிழும் ஓர் அதிகாரத்துவ மொழி. பொது அறிவிப்புகள் பல நான்கு மொழிகளில் வெளிவருகின்றன. அலுவலகத்தில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் நான் என்பதால் ஒரு துண்டறிக்கையின் தமிழ்ப் பகுதி என் மேசைக்கு வந்தது. மொழிபெயர்ப்பாளர் அனுப்பிய வரிகளை எடுத்து ஒட்டினேன். மாதிரிப் படியைப் பார்த்த என் மேற்பார்வையாளர் ஓரிடத்தில் விரலை வைத்தார். "மூலத்தாளில் இந்த வளைவு முதலில் இருக்கிறது, உன்னுடையதில் இரண்டாவதாக இருக்கிறதே?" என்றார்.

அவருக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்த என் கண்ணில் அது படவில்லை. 'பெயர்' என்ற சொல் 'பயெர்' என்று நின்றிருந்தது.

இது ஏன் நேர்கிறது? தமிழின் 247 எழுத்துகளுக்கும் யூனிகோட் முறையில் தனித்தனி எண் கிடையாது. உயிரெழுத்துகள், அகரமேறிய மெய்கள், கொம்பு, கால், புள்ளி போன்ற குறிகள் ஆகியவற்றுக்கே எண்கள் உண்டு. 'பெ' என்பதைக் கணினி ஒலிக்கும் வரிசையில் சேமிக்கிறது: முதலில் பகரம், பிறகு கொம்பு. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் நகர்த்த வேண்டும். 'கொ', 'கோ' போன்றவற்றில் ஒரே குறி இரண்டாகப் பிரிந்து எழுத்தின் இருபுறமும் நிற்க வேண்டும். இந்த வேலையை மென்பொருளும் எழுத்துருவும் சேர்ந்து செய்கின்றன. மென்பொருளில் அந்த வசதி இல்லாவிட்டாலோ, இருந்தும் நாம் தேர்ந்தெடுக்காவிட்டாலோ, கொம்பு சேமித்த இடத்திலேயே நின்றுவிடும். இன்டிசைனில் 'வேர்ல்ட்-ரெடி' என்ற பத்தி அமைப்பைத் தேர்ந்தெடுத்ததும் என் துண்டறிக்கை சரியாகிவிட்டது. அரை நிமிட வேலை.

ஆகவே கருவி இல்லை என்று நாம் சொல்ல முடியாது. மலேசியரான முத்து நெடுமாறன் 1985இலேயே முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். அவருடைய இணைமதி எழுத்துரு ஆப்பிள் கணினிகளிலேயே அமைந்து வருகிறது. 2001ஆம் ஆண்டின் தமிழ் இணைய மாநாடு நம் கோலாலம்பூரில்தான் நடந்தது.

ஊர் திரும்பிய பிறகு பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையின் புதிய பதாகையில் இதே பிழையைக் கண்டேன். தயங்கித் தயங்கி உரிமையாளரிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "அத யாரு தம்பி படிக்கிறா? எல்லாரும் மேல உள்ள மலாயத்தான் பார்க்கிறாங்க" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. காரணம் இருக்கிறது. முதலாமாண்டில் நம் கலைவிழாவுக்குப் பதாகை செய்தவன் நான். அன்றிரவு வீட்டில் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தேன். மூன்று சொற்களில் கொம்பு இடம் மாறியிருந்தது. ஒரு வாரம் அது மண்டப வாசலில் தொங்கியது. அதன் முன்னால் நின்று நாம் அனைவரும் படம் எடுத்துக்கொண்டோம். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. படிக்கத் தெரியாததால் அல்ல. நாம் படிக்கவே இல்லை. தமிழ் அங்கே இருக்கிறது என்பதே நமக்குப் போதுமானதாக இருந்தது.

இனி தமிழில் எதை அச்சுக்குக் கொடுத்தாலும் இரண்டு காரியங்கள் செய்வோம். எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப் கோப்பாகக் கொடுப்போம்; அச்சகக் கணினியில் எழுத்துகள் மீண்டும் உடையாமல் இருக்க அது உதவும். பிறகு, மாதிரிப் படியை ஒருவர் வாய்விட்டு, எழுத்தெழுத்தாக வாசிக்கட்டும்.

பழைய பதாகையின் கோப்பைத் திருத்தி வைத்திருக்கிறேன். இவ்வாண்டு விழாவுக்கு அதையே தொங்கவிடலாம். படம் எடுப்பதற்கு முன் ஒருமுறை படித்துப் பாருங்கள். பிழை இருந்தால் என்னிடம் சொல்லுங்கள்.