டேங்க்ல ஒரு கோடு... ரிப்பேரா, ரீப்ளேஸா?

காதல்ல விரிசல் விழுந்தா ஒட்டவைக்க ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க. மீன் தொட்டியில விழுந்தா? ‘எம்-சீல் வெச்சு அப்பிடு மச்சி’ என்பான் ஒருத்தன். ‘தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குடா’ என்பான் இன்னொருத்தன். ‘இப்ப ஒண்ணும் ஒழுகலையே, செமஸ்டர் முடியட்டும்’ என்று கவுந்து படுத்துக்கொள்வான் மூணாமவன். இந்த மூணு பேர்ல ரொம்ப டேஞ்சரான பார்ட்டி, சந்தேகமே வேண்டாம், மூணாமவன்தான்!

ஏன்னு ஒரு சின்னக் கணக்கு போட்டாலே புரியும். நம்ம பசங்க ரூம்ல சாதாரணமா இருக்கிறது 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி. விளிம்பு வரை நிரப்பினா சுமார் 56 லிட்டர். அதாவது 56 கிலோ தண்ணி. கூழாங்கல், கண்ணாடி எடையெல்லாம் தனி. ராத்திரி ரெண்டு மணிக்கு இது மொத்தமும் மாடி ரூம் தரையில கொட்டினா, மீன் போறது ஒரு பக்கம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், லேப்டாப், ரெக்கார்டு நோட்டு, கீழ் வீட்டு சீலிங், அப்புறம் ஹவுஸ் ஓனர்... அட்வான்ஸை மறந்துட வேண்டியதுதான்.

முதல்ல ஒரு விஷயம். தண்ணி குறையுதுன்னாலே தொட்டி உடைஞ்சிருச்சுன்னு அர்த்தம் இல்லை. ஏர் பம்ப்பைத் தரையில வெச்சிருப்போம். கரன்ட் போனதும் அந்த மெல்லிசு டியூப் வழியாவே தண்ணி கீழ இறங்க ஆரம்பிச்சிடும். எல்லாம் சைஃபன் சமாச்சாரம்தான். காலையில எழுந்து பார்த்தா தரை ஈரம், பம்ப் அவுட். தொட்டியோ ‘நான் என்ன தப்பு பண்ணேன்?’னு அப்பாவியா நிற்கும். பம்ப்பைத் தண்ணி மட்டத்துக்கு மேல ஒரு ஆணியில மாட்டுங்க. இல்லேன்னா டியூப்ல ஒரு ஒன்-வே வால்வு போடுங்க. பிராப்ளம் சால்வ்டு.

அது இல்லைன்னா, வெளிப்பக்கத்தைத் துணியால நல்லாத் துடைச்சு, கண்ணாடி சேருகிற ஓரங்கள்ல டிஷ்யூ பேப்பரைத் துண்டு துண்டா ஒட்டிட்டு வெயிட் பண்ணுங்க. தண்ணி மட்டத்துல மார்க்கரால ஒரு கோடும் போட்டு வைங்க. எந்தப் பேப்பர் முதல்ல நனையுதோ, குற்றவாளி அங்கதான் இருக்கான்.

இப்ப மெயின் மேட்டர். கசியறது ஒட்டுலயா, கண்ணாடியிலயா? மொத்த முடிவும் இந்த ஒரு கேள்வியிலதான் தொங்குது.

ஒட்டு போனா ஒட்டலாம்

ரெண்டு கண்ணாடி சேர்ற இடத்துல இருக்கிற சிலிகான் வயசாகிப் பிரிஞ்சிருந்தா, தாராளமா ரிப்பேர். ஆனா கசியற இடத்துல மட்டும் புதுசா ஒரு பொட்டு வைக்கிற வேலை ஆகாது. காய்ந்த பழைய சிலிகான் மேல புது சிலிகான் சரியாப் பிடிக்காது. தொட்டியைக் காலி பண்ணி, உள் ஓரத்துல இருக்கிற பழைய பட்டையை பிளேடால சுத்தமா வழிச்சு எடுத்து, அசிட்டோன் போட்டுத் துடைச்சு, காயவிட்டு, ஓரம் முழுக்க ஒரே மூச்சுல புதுசா இழுக்கணும். வாங்கறப்போ ‘அக்வேரியத்துக்கு’ன்னு கேட்டு வாங்குங்க. பாத்ரூமுக்கு விற்கிற சில சிலிகான்ல பூஞ்சை பிடிக்காம இருக்க மருந்து கலந்திருப்பாங்க. மீனுக்கு அது விஷம். போட்டதும் வினிகர் வாசம் மூக்கைத் துளைக்கும். அந்த வாசம் சுத்தமாப் போற வரைக்கும் தண்ணி ஊத்தாதீங்க. குறைஞ்சது ரெண்டு நாள். ஒரு வாரம் விட்டா இன்னும் நிம்மதி.

எம்-சீல்? பிளாஸ்டிக் வாளிக்கும் தண்ணி டேங்க்குக்கும் அது தெய்வம்தான், ஒத்துக்கறேன். ஆனா தண்ணி ஏற ஏறக் கண்ணாடி வெளிப்பக்கமா லேசா வளையும். கூடவே வளைஞ்சு கொடுக்க ரப்பர் மாதிரி சிலிகானால முடியும். கல்லு மாதிரி இறுகிட்ட எபாக்ஸியால முடியாது.

கண்ணாடி போனா?

நகத்தை வெச்சு மெதுவா ஓட்டிப் பாருங்க. மேலாக மட்டும் இருந்தா கீறல், கவலையை விடுங்க. டார்ச் அடிச்சா கண்ணாடிக்கு உள்ளேயே ஒரு தகடு மாதிரி பளிச்னு மின்னுதா? அதுதான் விரிசல். இங்கதான் நம்ம மெக்கானிக்கல் மக்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கலாம். கண்ணாடி ஏன் அது தாங்க வேண்டிய பாரத்துக்கு ரொம்பக் கீழேயே உடையுதுன்னு 1921-ல கண்ணாடியை வெச்சே ஆராய்ச்சி பண்ணிச் சொன்னவர் ஏ.ஏ. கிரிஃபித் என்ற பிரிட்டிஷ் இன்ஜினீயர். விரிசல் எவ்வளவு நீளமோ, அது மேலும் ஓடறதுக்கு அவ்வளவு குறைவான விசை போதும். நீளம் நாலு மடங்கு ஆனா, பாதி விசையே வேலையை முடிச்சிடும். அதாவது நீள நீள, இன்னும் ஈஸியா நீளும்! போதாததுக்கு, தண்ணியே விரிசலோட நுனியில புகுந்து கண்ணாடியோட வேதிப் பிணைப்பை மெதுவா அறுக்கும். ‘ஒரு மாசமா அப்படியேதான் இருக்கு பாஸ்’ என்று யாராவது சொன்னா நம்பாதீங்க.

இன்னொரு விஷயம், உயரம். தண்ணியோட அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது. நம்ம 1 அடி உயரத் தொட்டியோட முன் கண்ணாடியைத் தண்ணி தள்ளுறது சுமார் 28 கிலோ எடைக்குச் சமம். நீளத்தை மாத்தாம உயரத்தை மட்டும் ஒன்றரை அடி ஆக்கினா, அது சுமார் 64 கிலோ! இதையே தலைகீழாப் பாருங்க: தண்ணியைப் பாதி உயரத்துக்கு இறக்கினா, அந்தத் தள்ளு விசை கால்வாசியாயிடும். விரிசலைப் பார்த்ததும் ஸ்விட்சை ஆஃப் பண்ணி பிளக்கை உருவினதுக்கு அப்புறம் செய்ய வேண்டிய முதல் வேலை, கோட்டுக்குக் கீழே தண்ணி மட்டம் வர்ற வரைக்கும் மொண்டு எடுக்கிறதுதான். ஹீட்டர் இருந்தா ஆற விட்டுட்டு ஆரம்பிங்க. சூடா வெளியே வந்தா அதுவும் விரியும்.

என் தீர்ப்பு இது. அடிக் கண்ணாடியில விரிசல் என்றால் யோசிக்கவே வேண்டாம், ரீப்ளேஸ். மொத்த எடையும் உட்கார்ற இடம் அது. முன்பக்கம் வளைஞ்ச ஃபேன்ஸி தொட்டியும் அப்படித்தான். அந்த வளைவுக்குத் தெருமுனைக் கடையில கண்ணாடி வெட்ட முடியாது. பக்கக் கண்ணாடியில மட்டும் சின்ன விரிசல் என்றால் உள்பக்கமா ஒரு கண்ணாடித் துண்டை சிலிகான் போட்டு ஒட்டறவங்க உண்டு. உள்ளே ஒட்டினாத் தண்ணியே அதை அழுத்திப் பிடிச்சுக்கும், லாஜிக் சரிதான். ஆனா 1 அடி உயரத்தைத் தாண்டின தொட்டியில நான் அதை நம்ப மாட்டேன். அதுக்கு அந்தக் கண்ணாடியையே அறுத்து எடுத்துட்டு வேற போடறது மேல்.

காசு? 2 அடித் தொட்டிக்குக் கண்ணாடி, சிலிகான், கூலின்னு கூட்டிப் பார்த்தா புதுசு விலைக்குப் பக்கத்துல வந்து நிற்கும். அதுக்கு ஏன் மெனக்கெடணும்? 4 அடித் தொட்டின்னா கதை வேற, ரிப்பேர் நிச்சயம் லாபம். சென்னைப் பசங்களுக்கு இருக்கவே இருக்கு கொளத்தூர். வண்ண மீன் வளர்ப்புக்கும் வியாபாரத்துக்கும் பேர்போன ஏரியா. தொட்டி ஒட்டற ஆளையும் அங்கேயே விசாரிச்சுக்கலாம்.

பெரிய இடத்துலயே இது நடந்திருக்கு. பெர்லின்ல ஒரு ஹோட்டல் லாபியில 2003-ல திறந்த ‘அக்வாடோம்’, சுமார் 10 லட்சம் லிட்டர் தண்ணி, 1,500 மீன்களோட நின்ன அக்ரிலிக் உருளை. 2022 டிசம்பர் 16 அதிகாலையில திடீர்னு வெடிச்சுச் சிதறிடுச்சு. ஹோட்டல்ல தூங்கிட்டிருந்த நேரம் என்பதால இரண்டு பேருக்குக் காயத்தோட போச்சு. அதே, லாபி நிறைய ஆள் இருக்கிற மத்தியான நேரமா இருந்திருந்தா?

மீனோட வீடு எது?

தொட்டி மாத்தறப்போ பல பேர் சொதப்பறது இங்கதான். பளபளன்னு புதுத் தொட்டி, புது ஃபில்டர், புதுக் கல், குழாய்த் தண்ணின்னு எல்லாத்தையும் புதுசாக்கிடுவாங்க. நாலு நாள்ல மீன் ஒவ்வொண்ணா மிதக்கும். காரணம், மீன் கழிவுல வர்ற அமோனியாவை நைட்ரைட்டாவும், அதை நைட்ரேட்டாவும் மாத்தற பாக்டீரியா ஃபில்டர் ஸ்பாஞ்ச்லயும் கல்லுலயும்தான் குடித்தனம் பண்ணுது. புதுசா அது வளர்ந்து வர நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதனால கண்ணாடி எக்கேடும் கெடட்டும், பழைய ஸ்பாஞ்சைக் காப்பாத்துங்க. குழாய்த் தண்ணியில கழுவவே கழுவாதீங்க. குளோரின் அந்தப் பாக்டீரியாவைக் கொன்னுடும்.

சோப்பே படாத பிளாஸ்டிக் வாளியில பழைய தண்ணியை ஊத்தி, மீனையும் அதே ஃபில்டரையும் அதுல ஓட விடுங்க. மேலே வலை போட்டு மூடுங்க, குதிச்சிடும். ரெண்டு மூணு நாள் சாப்பாடு போடலைன்னா பெரிய மீன் ஒண்ணும் ஆகாது. தண்ணி கெடாம இருக்கும். ‘இனிமே முடியாதுப்பா’ன்னு தோணினா ஃப்ரெண்டுக்கோ கடைக்கோ கொடுத்துடுங்க. ஏரியிலயோ கிணத்துலயோ மட்டும் விடாதீங்க. தொட்டியில பாசி தின்னுதேன்னு வாங்கற சக்கர் மீன் அப்படி வெளியே போய்த்தான் இன்னிக்கு நம்ம ஊர் ஏரிகள்ல பெருகி, மீனவர் வலையைக் கிழிச்சிட்டிருக்கு.

ரிப்பேர் பண்ணினதோ புதுசோ, மீனை விடறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் வெறும் தண்ணியோட நிறுத்திப் பாருங்க. அடியில நியூஸ்பேப்பர் விரிச்சா ஒரு சொட்டு விழுந்தாலும் காட்டிக் கொடுத்துடும். டேபிள் ஆடாம மட்டமா இருக்கணும், தொட்டிக்கு அடியில தெர்மோகோல் ஷீட் போடணும். தண்ணியோட தொட்டியைத் தூக்கி இடம் மாத்தவே கூடாது. நிறைய தொட்டி விரியறது அப்படித்தான்.

உடைஞ்ச பழைய கண்ணாடியைத் துணியிலயோ கெட்டிப் பேப்பர்லயோ சுத்தி, அட்டைப் பெட்டியில போட்டு, மேல ‘கண்ணாடி’ன்னு பெருசா எழுதிக் குப்பை எடுக்க வர்றவங்க கையில சொல்லிக் கொடுங்க.