தட்டுப்பாடு என்னும் வதந்தியும் உரக் கொள்முதலும்

ஒரு சரக்கு கிடைக்காமற் போகுமென்று ஜனங்கள் எண்ணிவிட்டால், தேவை ஏறாவிடினும் கொள்முதல் ஏறிவிடும். 2016-ம் வருஷம் நவம்பர் 11-ந் தேதி இரவு, டில்லியிலும் உத்தரப் பிரதேசத்திலும் உப்புக்குத் தட்டுப்பாடு என்று ஒரு வதந்தி பரவிற்று. ஜனங்கள் கடைகளில் திரண்டு வேண்டியதற்கு மேல் வாங்கினர். சில இடங்களில் கிலோவுக்கு 100 ரூபாய்க்கு மேலும் விலை கூறப்பட்டது. தேசத்தில் உப்பு விளைவோ குறையவேயில்லை.

உர விஷயத்திலும் இவ்வாறே நேரக்கூடும். மணப்பட்டு போன்ற கிராமத்தில் யூரியா வேண்டுவோர் 100 பேர், கடையிருப்பு 100 மூட்டை என்று கொள்வோம். ஆளுக்கொன்று வாங்கினால் அனைவருக்கும் போதும். “நாளைக்குக் கிடையாது” என்ற பேச்சைக் கேட்டு ஆளுக்கு இரண்டு வாங்கினால், 50 பேர் வெறுங்கையுடன் திரும்புவர். காலியான கடையைக் கண்டோர் வதந்தியை மெய்யென்பர். மேலுரமிடும் பருவம் தவறி நஷ்டமடைவோர் பெரும்பாலும் கைப்பணமில்லாத சிறு குடியானவர்களே.

பதுக்கியவருக்கும் லாபமில்லை. யூரியா ஈரத்தை உறிஞ்சும். கடலோரக் கிராமங்களில் திறந்த மூட்டை விரைவிற் கட்டிதட்டும். மிகுதியை வயலிலிட்டால் நெற்பயிர் சாய்வதோடு பூச்சியும் நோயும் பெருகும்.

ஆகையால் மண் பரிசோதனைப்படி வேண்டிய அளவைக் கணக்கிட்டுத் தவணைதோறும் வாங்குவதே நலம். 1985-ம் வருஷத்து உரக் கட்டுப்பாட்டு உத்தரவின்படி, வியாபாரிகள் அன்றன்றைய இருப்பையும் விலையையும் பலகையில் காட்டவேண்டும். அதைக் கிராம அதிகாரிகள் கவனித்து ஊராருக்குத் தெரிவித்தல் அவசியம். இருப்பு கண்ணுக்குத் தெரிந்தால் வதந்தி நிலைக்காது. மெய்யாகவே குறைவிருப்பின், பங்கிட்டுக்கொள்ள அவகாசமும் கிடைக்கும்.