கேனுக்குள் ஒரு கணக்கு

விழிஞ்ஞம், பூந்துறை, அஞ்சுதெங்கு. திருவனந்தபுரம் மாவட்டத்தின் இந்தக் கரைகளில் கடலுக்குக் கிளம்பும் படகில் வலையோடு ஏறுவது மண்ணெண்ணெய் கேன். அதில் கொஞ்சம் ஆயில் கலந்திருக்கும். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதைப் பொறுத்தது எஞ்சினின் ஆயுள். சில நேரம் படகில் இருப்பவர்களின் ஆயுளும்தான்.

கட்டுமரமும் பாயும் துடுப்புமாக இருந்த இக்கரைக்கு எண்பதுகளில்தான் அவுட்போர்டு எஞ்சின் பரவலாக வந்தது. திருவனந்தபுரத்தில் 1980-ல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பான சிஃப்ஸ், எஞ்சின்களைத் தருவித்ததோடு பழுதுபார்க்கவும் ஏற்பாடு செய்தது. பெட்ரோல் கட்டுப்படியாகாது, மானிய விலை மண்ணெண்ணெய் கட்டுப்படியானது. எனவே பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களே நிலைத்தன. நிறுத்துவதற்கு முன் மறுபடியும் பெட்ரோலுக்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் கார்புரேட்டரில் தங்கிய மண்ணெண்ணெய் மறுநாள் எஞ்சினைக் கிளம்ப விடாது.

ஆயில் எதற்கு? கார் எஞ்சினின் அடியில் ஆயிலுக்கென்று தனித் தொட்டி உண்டு. டூ-ஸ்ட்ரோக்கில் அது கிடையாது. எரிபொருளே கிராங்க் கேஸ் வழியாகத்தான் மேலே போகிறது. பேரிங், பிஸ்டன், சிலிண்டர் சுவர் எல்லாவற்றுக்கும் வழுவழுப்பு அதோடு வரும் ஆயிலிலிருந்துதான் கிடைக்க வேண்டும். எரியாமல் தங்கும் மண்ணெண்ணெய் அந்த ஆயில் படலத்தையும் நீர்க்கச் செய்துவிடும்.

ஐம்பதுக்கு ஒன்று என்றால் லிட்டருக்கு 20 மில்லி. 20 லிட்டர் கேனுக்கு 400 மில்லி. இருபத்தைந்துக்கு ஒன்று என்றால் அதில் இரு மடங்கு. எந்த எஞ்சினுக்கு எது என்பதைத் தயாரிப்பாளரின் கையேடு சொல்லும். குறைந்தால் பிஸ்டன் சூடேறி இறுகும். கூடினால் புகை, கரி, அடைபட்ட பிளக். ஸ்கூட்டருக்கான 2டி ஆயிலும் இதற்கு ஒத்துவராது. கடல்நீரால் குளிரும் எஞ்சினுக்குச் சாம்பல் படியாத டிசி-டபிள்யூ3 ரகம்தான் ஏற்றது.

எல்லாம் தெரிந்தும் கை தடுமாறுவது விலையால். மண்ணெண்ணெய்க்கான மத்திய ஒதுக்கீடு ஆண்டுக்காண்டு சுருங்கியது. 2022 ஏப்ரலில் கேரள ரேஷன் மண்ணெண்ணெய் லிட்டர் 59 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 81 ரூபாய்க்குத் தாவியது. ரேஷனில் கிடைக்காததை வெளிச்சந்தையில் கூடுதல் விலைக்கு வாங்க வேண்டும். மீன் கிடைக்காத நாளிலும் எரிபொருள் செலவு குறையாது. அப்போது மிச்சம்பிடிக்கத் தோன்றும் முதல் இடம் ஆயில் டப்பாதான். ஒரு கேனில் நூறு மில்லி குறைத்தால் அன்று எதுவும் நடக்காமல் போகலாம். தேய்மானம் சேர்ந்து பிஸ்டன் இறுகும் நாளில்தான் கணக்கு தீர்க்கப்படும்.

ஸ்கூட்டர் நின்றால் தள்ளிக்கொண்டு போகலாம். கடலில் அது நடக்காது. மாவட்டத்தின் வடக்கே முதலப்பொழி துறைமுக வாயில் பல மீனவர்களைப் பலிகொண்ட இடம். அங்கே எஞ்சின் சற்றே திணறினாலும் படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும். அப்படித் திரும்பிய படகு கவிழ அடுத்த அலை போதும்.

மண்ணெண்ணெயை விட்டு பெட்ரோல், எரிவாயு என்று மாறும் பேச்சு கரையில் கேட்கிறது. பழைய எஞ்சின்கள் ஓடும்வரை, எதன் விலை ஏறினாலும் அளவுக் குவளையில் கைவைக்க முடியாது.